லாசரு ஏன் பேசவே இல்லை? பைபிளில் இறந்து எழுந்த எட்டுப் பேரின் கதை

நாலு நாளாகக் கல்லறையில் கிடந்த ஒருவர் எழுந்து வெளியே வருகிறார். ஊரே கூடி நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருந்திருந்தால் அவரிடம் முதலில் என்ன கேட்டிருப்பீர்கள்? "அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றுதானே?

பைபிளில் அதை யாரும் கேட்டதாக இல்லை. லாசரு கல்லறையிலிருந்து வெளியே வருகிறார், உடம்பில் சுற்றிய துணிகளை அவிழ்க்கிறார்கள், அப்புறம் ஒரு விருந்தில் பந்தியில் இருக்கிறார். அவ்வளவுதான். யோவான் நற்செய்தியில் லாசரு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

லாசரு மட்டும் இல்லை. பைபிள் முழுவதும் தேடினால், இறந்து மறுபடி உயிர் பெற்றதாகத் தனித்தனியே சொல்லப்படுபவர்கள் எட்டுப் பேர். பழைய ஏற்பாட்டில் மூன்று பேர், நற்செய்திகளில் மூன்று பேர், அப்போஸ்தலர் நடபடிகளில் இரண்டு பேர். இயேசுவின் உயிர்த்தெழுதல் இந்தக் கணக்கில் வராது. ஏன் என்று பிறகு பார்ப்போம். இந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட மரணத்துக்கு அப்பால் இருப்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒரு சிறுவன் ஏழு முறை தும்முகிறான். ஒரு பெண் கண்ணைத் திறந்து பார்த்து எழுந்து உட்காருகிறாள். ஓர் இளைஞன் பேசத் தொடங்கினான் என்று லூக்கா எழுதுகிறார். என்ன பேசினான் என்று எழுதவில்லை.

செத்துப் பிழைத்தவர்களின் கதையில் அவர்களுக்கே பேச்சு இல்லை என்றால், கதை யாரைப் பற்றியது? ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. பக்கத்தில் நின்று அழுதவர்களைப் பற்றியது.

உயிர் திரும்புவதும் உயிர்த்தெழுவதும் ஒன்றா?

இறையியல் படித்தவர்கள் இந்த இரண்டையும் பிரித்தே பேசுகிறார்கள். லாசரு பழைய வாழ்க்கைக்குத் திரும்பி வந்தார். அதே உடம்பு, அதே வீடு. மறுபடி ஒரு நாள் இறந்தும் போயிருப்பார். ஆனால் இயேசுவின் உயிர்த்தெழுதல், இனி மரணமே இல்லாத ஒரு புது நிலைக்குப் போவது என்று புதிய ஏற்பாடு சொல்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரம் முழுக்க இந்த வேறுபாட்டைத்தான் விளக்குகிறது.

யோவான் இதைத் துணியை வைத்தே காட்டுகிறார். லாசரு வெளியே வரும்போது கைகால்கள் கட்டப்பட்டு, முகம் துணியால் மூடப்பட்டிருக்கிறது. வேறு யாராவது அவிழ்த்துவிட வேண்டும். இயேசுவின் கல்லறையில் துணிகள் மட்டும் கிடக்கின்றன. தலையில் சுற்றிய துணி தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஒருவருக்கு அந்தத் துணி இன்னொரு நாள் தேவைப்படும், இன்னொருவருக்கு இனி தேவையே இல்லை. எட்டுப் பேரின் கணக்கில் இயேசுவைச் சேர்க்காதது இதனால்தான்.

இன்னொரு விஷயம், தமிழில் தேடிப் படிப்பவர்களுக்காக. லாசரு, யவீரு, தபீத்தாள் என்பவை பழைய புராட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பின் பெயர்கள். திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பில் இவர்களே இலாசர், யாயிர், தபித்தா. ஒரு பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால் இன்னொன்றில் தேடுங்கள். இங்கே முதல் வகையைப் பயன்படுத்துகிறோம்.

சூனேம் ஊர்ப் பெண்: கழுதையில் ஒரு பயணம்

எட்டில் எது சிறந்த கதை என்று கேட்டால் பலரும் லாசருவைத்தான் சொல்வார்கள். நான் சூனேம் ஊர்ப் பெண்ணின் கதையைச் சொல்வேன். இரண்டாம் இராஜாக்கள் புத்தகம், 4ஆம் அதிகாரம். காலம் கி.மு. 9ஆம் நூற்றாண்டு. அவளுக்குப் பெயர்கூடத் தரப்படவில்லை. ஆனால் இந்தக் கதைகளில் வருகிறவர்களில் இவளைப் போல் உறுதியானவர் யாரும் இல்லை.

வசதியான குடும்பம். எலிசா தீர்க்கதரிசி அந்த வழியாக வரும்போதெல்லாம் சாப்பாடு போடுகிறாள். அப்புறம் கணவனிடம் சொல்லி மாடியில் ஒரு சின்ன அறையே கட்டித் தருகிறாள்: ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. பதிலுக்கு என்ன வேண்டும் என்று எலிசா கேட்டால், எதுவும் வேண்டாம், நான் என் ஜனங்களோடு நல்லாத்தான் இருக்கேன் என்கிற தொனியில் பதில் சொல்கிறாள். அவளுக்குக் குழந்தை இல்லை, கணவனுக்கும் வயதாகிவிட்டது. அடுத்த ஆண்டு உன் மடியில் மகன் இருப்பான் என்கிறார் எலிசா. ஆசை காட்டி ஏமாற்றாதீர்கள் என்கிறாள் அவள்.

மகன் பிறக்கிறான், வளர்கிறான். அறுவடை நாளில் அப்பாவைப் பார்க்க வயலுக்குப் போனவன் தலை வலிக்கிறது என்று துடிக்கிறான். ஒரு வேலைக்காரன் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுக்கிறான். மதியம் வரை அவள் மடியில் கிடக்கிறான். இறந்துவிடுகிறான்.

இனி அவள் செய்வதைப் பாருங்கள். அழவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. பையனை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் எலிசாவின் கட்டிலில் கிடத்துகிறாள். கதவைச் சாத்துகிறாள். கணவனுக்கு ஆளனுப்பி ஒரு கழுதை கேட்கிறாள். இன்றைக்கு அமாவாசையும் இல்லை, ஓய்வுநாளும் இல்லை, எதற்கு அவரிடம் போகிறாய் என்று அவர் கேட்க, எல்லாம் சரிதான் என்று ஒரே சொல்லில் முடிக்கிறாள். எபிரேயத்தில் அந்தச் சொல் ஷாலோம். மகன் இறந்ததைக் கணவனிடம் சொல்லவே இல்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

கர்மேல் மலை வரை சுமார் 25 கிலோமீட்டர். தூரத்தில் பார்த்தே எலிசா தன் உதவியாளன் கேயாசியை அனுப்புகிறார். நலமா, கணவர் நலமா, பிள்ளை நலமா என்று கேட்கிறான். அவனிடமும் அதே ஷாலோம். எலிசாவின் முன் வந்ததும்தான் உடைகிறாள். காலைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறாள். கேயாசி தள்ளிவிட வருகிறான், எலிசா தடுக்கிறார். நானா உங்களிடம் பிள்ளை கேட்டேன் என்பதுதான் அவள் கேள்வி. இதற்கு எலிசாவிடம் பதில் இல்லை. இவள் துயரத்தை கடவுள் எனக்குக் காட்டாமல் மறைத்துவிட்டார் என்று ஒப்புக்கொள்கிறார்.

எலிசா தன் கைத்தடியைக் கேயாசியிடம் கொடுத்து, ஓடிப்போய் பையன் முகத்தில் வை என்கிறார். அவள் நகரவில்லை. நீங்கள் வராமல் நான் போகமாட்டேன் என்று நிற்கிறாள். அவள் சொன்னதுதான் சரி. தடி வேலை செய்யவில்லை. கேயாசி வைத்துப் பார்த்தான், சத்தமும் இல்லை அசைவும் இல்லை என்று புத்தகம் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறது. புனிதப் பொருளை அனுப்பினால் போதாது, ஆள் நேரில் வரணும்.

எலிசா வந்து, கதவைச் சாத்திவிட்டு, பையன் மேல் படுக்கிறார். வாயோடு வாய், கண்ணோடு கண், கையோடு கை. உடம்பு லேசாகச் சூடேறுகிறது. எழுந்து அறையில் இங்கும் அங்கும் நடக்கிறார். மறுபடி போய்ப் படுக்கிறார். பையன் ஏழு முறை தும்முகிறான். உலகின் முதல் வாய்வழிச் செயற்கைச் சுவாசம் இதுதான் என்று சிலர் சொல்வதுண்டு. காற்றை ஊதினார் என்று மூலத்தில் இல்லை என்பதால் அது கொஞ்சம் அதிகப்படியான ஆசை.

மலைக்கு அந்தப் பக்கம்

எலிசாவின் குரு எலியா. அவர் கதை இதற்கு முந்தையது. இடம் சீதோனுக்குப் பக்கத்தில் சாறிபாத், இன்றைய லெபனான் கடற்கரை. இஸ்ரவேலுக்கு வெளியே, வேற்று மதத்து விதவை ஒருத்தியின் வீடு. பஞ்சத்தில் கடைசிக் கைப்பிடி மாவைப் பகிர்ந்து அவருக்குச் சோறு போட்டவள். அவள் மகன் இறந்ததும், என் பாவத்தை நினைவூட்டி என் பிள்ளையைக் கொல்லவா வந்தாய் என்று எலியாவைக் கேட்கிறாள். எலியா அதே கேள்வியைக் கடவுளிடம் கொண்டுபோகிறார்: சோறு போட்ட இவளுக்கா இப்படிச் செய்கிறீர்? பையன் பிழைக்கிறான். எலியா அவனை மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுக்கிறார்.

சிரியாவின் தூரா யூரோப்போஸ் நகரில் கி.பி. 3ஆம் நூற்றாண்டு யூதத் தொழுகைக்கூடம் ஒன்றை 1930களில் தோண்டி எடுத்தார்கள். அதன் சுவரோவியங்களில் இந்தக் காட்சியும் இருக்கிறது. ஒரு பக்கம் இறந்த பிள்ளையோடு தாய், நடுவில் எலியா, மறுபக்கம் உயிரோடிருக்கும் பிள்ளையோடு அதே தாய். அந்த ஓவியனுக்குக் கதையின் மையம் எது என்பதில் சந்தேகமே இல்லை.

ஏறக்குறைய 900 ஆண்டுகள் தள்ளி வருவோம். மோரே மலையின் ஒரு சரிவில் சூனேம் என்றால், மறுசரிவில் நாயீன். சில கிலோமீட்டர்தான் தூரம். நாயீன் ஊர் வாசலில் இயேசுவுக்கு எதிரே ஒரு சவ ஊர்வலம் வருகிறது. இறந்தவன் ஒரு விதவையின் ஒரே மகன்.

விதவை, ஒரே மகன் என்ற இரண்டு விவரங்களை லூக்கா சும்மா போடவில்லை. எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் சொத்து யாருக்குப் போகும் என்று ஒரு வரிசை இருக்கிறது: மகன், மகள், சகோதரர், அப்பாவின் சகோதரர், நெருங்கிய உறவினர். மனைவி என்ற சொல்லே அதில் இல்லை. கணவனும் போய் மகனும் போய்விட்டால், மறுநாள் அடுப்பு எரியுமா என்பதே கேள்வி. அந்தப் பாடையில் போவது அவள் பிள்ளை மட்டும் இல்லை, அவளுடைய வருமானம், வீடு, முதுமைக்கான ஒரே துணை எல்லாமும்தான்.

இங்கே அவள் எதுவும் கேட்கவில்லை. விசுவாசம் இருக்கிறதா என்று அவளிடமும் யாரும் கேட்கவில்லை. அவளைப் பார்த்ததும் இயேசு மனம் உருகினார் என்று நம் மொழிபெயர்ப்புகள் சொல்கின்றன. கிரேக்க மூலத்தில் இருப்பது குடலோடு தொடர்புடைய ஒரு வினைச்சொல். 'பெத்த வயிறு பத்தி எரியுது' என்று பேச்சுத் தமிழில் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அந்த இடத்திலிருந்து வருவது. அவர் பாடையைத் தொடுகிறார். பிணத்தைத் தொட்டால் ஏழு நாள் தீட்டு என்பது அன்றைய சட்டம். பிணம் கிடந்த பாடையில் கை வைக்க அவர் தயங்கவில்லை. இளைஞன் எழுந்து உட்காருகிறான். இயேசு அவனைத் தாயிடம் ஒப்படைக்கிறார். எலியா கதையின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இருக்கும் அதே சொற்களை லூக்கா இங்கே அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். பழைய கதை தெரிந்த வாசகர் அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

சாப்பிட ஏதாவது கொடுங்க

யவீரு ஒரு தொழுகைக்கூடத் தலைவர். 12 வயது மகள் சாகக் கிடக்கிறாள். பலர் பார்க்க இயேசுவின் காலில் விழுகிறார். கிளம்புகிறார்கள். வழியில் 12 ஆண்டுகளாக ரத்தப்போக்கால் அவதிப்பட்ட ஒரு பெண் கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். யார் தொட்டது என்று விசாரிக்கிறார். பக்கத்தில் நிற்கும் அந்த அப்பாவின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் சிக்னலில் மாட்டிக்கொண்ட மாதிரி. அந்தத் தாமதத்தில்தான் வீட்டிலிருந்து ஆள் வருகிறது: மகள் போய்விட்டாள், இனி போதகரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

வீட்டில் அதற்குள் ஒப்பாரி ஆரம்பித்துவிட்டது. குழல் ஊதுகிறவர்களும் வந்துவிட்டார்கள் என்று மத்தேயு சேர்க்கிறார். பிள்ளை தூங்குகிறாள் என்று இயேசு சொன்னதும் அழுதுகொண்டிருந்தவர்களே சிரிக்கிறார்கள். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, அப்பா அம்மாவோடும் மூன்று சீடர்களோடும் உள்ளே போகிறார். கையைப் பிடித்து அவர் சொன்னதை மாற்கு அரமேய மொழியிலேயே தருகிறார். தலீத்தா என்றால் சிறுமி. அடுத்த சொல் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் கூமி, திருவிவிலியத்தில் கூம். கையெழுத்துப் பிரதிகளில் இரண்டு வடிவமும் இருப்பதால் வந்த வித்தியாசம். பொருள் ஒன்றுதான்: எழுந்திரு. தினமும் காலையில் அம்மா சொல்கிற சொல்.

அவள் எழுந்து நடக்கிறாள். எல்லோரும் மலைத்து நிற்க, இயேசு இரண்டு விஷயம் சொல்கிறார். இதை வெளியே சொல்லாதீர்கள். பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள். அந்த நேரத்தில் அவள் பசியை நினைத்தது அவர் ஒருவர்தான்.

நாலாவது நாள்

லாசருவின் கதை நான்கு நற்செய்திகளில் யோவானில் மட்டுமே இருக்கிறது. மார்த்தாள், மரியாள் என்ற சகோதரிகள் லூக்காவிலும் வருகிறார்கள், ஆனால் அங்கே சகோதரன் இல்லை. லூக்காவில் லாசரு என்ற பெயர் ஓர் உவமையில் வரும் பிச்சைக்காரருக்கு. செத்தவன் ஒருவன் எழுந்து போய்ச் சொன்னாலும் நம்பாதவர்கள் நம்பப்போவதில்லை என்ற கருத்தோடு அந்த உவமை முடிகிறது. இரண்டுக்கும் என்ன உறவு என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

யோவானின் கதையில் சங்கடமான இடம் தொடக்கத்திலேயே இருக்கிறது. லாசரு நோயாய் இருக்கிறார் என்று சகோதரிகள் ஆள் அனுப்புகிறார்கள். இயேசு உடனே கிளம்பவில்லை. இரண்டு நாள் அங்கேயே இருக்கிறார். பெத்தானியாவுக்கு வரும்போது அடக்கம் செய்து நாலு நாள் ஆகிவிட்டது. உயிர் மூன்று நாள் உடலைச் சுற்றிக்கொண்டிருக்கும், முகம் மாறியதும் போய்விடும் என்று பிற்கால யூத ரபிகளின் நூல்களில் ஒரு நம்பிக்கை பதிவாகியிருக்கிறது. அந்தக் கணக்குப்படி நாலாவது நாள் என்றால் இனி வழியே இல்லை.

மார்த்தாள் ஊருக்கு வெளியே வந்தே பிடித்துக்கொள்கிறாள்: நீங்க இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்க மாட்டான் என்பதுதான் அவள் புகார். மரியாளும் வந்து அதையேதான் சொல்கிறாள். இரண்டு பேரும் இந்த நாலு நாளும் வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும். சாவு வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்; 'அன்னைக்கே அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா' என்று ஒரே வாக்கியம் சுற்றிச் சுற்றி வரும்.

இயேசு அழுகிறார். அதற்கு முன் அவர் மனநிலையைச் சொல்ல யோவான் பயன்படுத்தும் கிரேக்கச் சொல், குதிரை சீறுவதற்கும் பயன்படுகிற சொல். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைக் கலக்கம், துயரம் என்று மென்மையாக்கிவிட்டது. மூலத்தில் கோபம் இருக்கிறது. யார் மேல், எதன் மேல் என்று யோவான் விளக்கவில்லை. மரணத்தின் மேல் என்பது பல உரையாசிரியர்களின் கருத்து.

கல்லை எடுங்கள் என்றதும் மார்த்தாள் நடைமுறையாக ஒன்று சொல்கிறாள்: நாற்றம் வருமே. அற்புதக் கதைகளில் இந்த மாதிரி ஒரு வரி அபூர்வம். வீட்டு நிர்வாகம் முழுக்கத் தலையில் சுமப்பவள் பேசுகிற பேச்சு அது. பிறகு நடந்ததைத்தான் ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் திரும்பத் திரும்ப வரைந்து வைத்தார்கள்: துணி சுற்றிய பொம்மை போல வாசலில் நிற்கும் லாசரு.

மீதிப் பேர்

எலிசா இறந்த பிறகு நடந்ததாக ஒரே வசனத்தில் ஒரு கதை. ஒருவரை அடக்கம் செய்யப் போனவர்கள் கொள்ளைக் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து பிணத்தை எலிசாவின் கல்லறையில் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். எலும்பில் பட்டதும் அவர் எழுந்து நிற்கிறார். யார் அவர், யார் அழுதார்கள், எதுவும் இல்லை. எட்டில் இது மட்டும் விதிவிலக்கு.

யோப்பாவில், இன்றைய டெல் அவீவை ஒட்டிய யாஃபாவில், தபீத்தாள் இறக்கிறாள். பேதுரு வந்ததும் ஊர் விதவைகள் அழுதபடி அவளைப் பற்றி எதுவும் பேசாமல், அவள் தைத்துக் கொடுத்த துணிகளை எடுத்துக் காட்டுகிறார்கள். உடுத்தியிருக்கும் துணியே அஞ்சலிக் கட்டுரை. பேதுரு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவள் பெயரைச் சொல்லி எழுந்திரு என்கிறார். அரமேயத்தில் சொல்லியிருந்தால், யவீருவின் மகளுக்குச் சொன்னதிலிருந்து அது ஒரே ஓர் எழுத்துத்தான் வேறுபடும். தலீத்தா, தபீத்தா. சீஷி என்ற பெண்பால் சொல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் வருவது இவளுக்கு மட்டும்தான்.

கடைசி ஆள் துரோவா நகரத்து ஐத்திகு. கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு அதிர்ஷ்டக்காரன் என்று பொருள். பவுல் நள்ளிரவு வரை பேசிக்கொண்டே போக, ஜன்னலில் உட்கார்ந்திருந்த இவன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான். பவுல் இறங்கிப் போய்க் கட்டிப்பிடித்து, உயிர் இருக்கிறது என்கிறார். அப்புறம் மேலே வந்து விடியும்வரை மறுபடி பேசுகிறார்! நீண்ட பிரசங்கம் செய்பவர்களுக்கு இந்தச் சம்பவம் எந்தப் பாடமும் கற்றுத்தரவில்லை போல.

மத்தேயுவில் இன்னொரு புதிரும் உண்டு. இயேசு இறந்தபோது கல்லறைகள் திறந்து பரிசுத்தவான்கள் பலர் எழுந்தார்கள், பிறகு எருசலேமுக்குள் போய்ப் பலருக்குத் தோன்றினார்கள் என்று இரண்டு வசனங்கள். வேறு எந்த நற்செய்தியிலும் இது இல்லை. 2010இல் அமெரிக்க அறிஞர் மைக்கேல் லைகோனா, இயேசுவின் உயிர்த்தெழுதல் வரலாற்றில் நடந்தது என்று வாதிட்டு எழுதிய பெரிய நூலிலேயே, இந்த இரண்டு வசனங்கள் மட்டும் கவித்துவமான மொழியாக இருக்கலாம் என்றார். அதற்கே அவர் சார்ந்த வட்டாரத்திலிருந்து கடும் எதிர்ப்பு வந்தது.

நடந்ததா?

வரலாற்றாசிரியரிடம் இருப்பது பிரதிகள் மட்டுமே. மாற்கு எழுதப்பட்டது கி.பி. 70ஐ ஒட்டி, யோவான் அந்த நூற்றாண்டின் கடைசியில் என்பது பரவலான கணிப்பு. அதாவது சம்பவத்துக்கும் எழுத்துக்கும் நடுவே பல பத்தாண்டுகள். அன்று இறந்த நாளிலேயே அடக்கம் செய்வார்கள். இறப்பை உறுதிசெய்யக் கருவிகள் கிடையாது. இது அந்தக் காலத்தவர்களுக்கே தெரியும். தியானாவின் அப்பொல்லோனியஸ் ரோமில் ஒரு மணப்பெண்ணை எழுப்பினார் என்று 3ஆம் நூற்றாண்டில் எழுதிய பிலோஸ்ட்ராட்டஸ், அவளுக்குள் உயிர் மிச்சமிருந்ததா என்று தானே சந்தேகத்தையும் சேர்த்து எழுதினார். மருத்துவத்தில், இதய இயக்க மீட்பு முயற்சியை நிறுத்திய பிறகு தானாகவே இதயம் துடிக்கத் தொடங்கிய சம்பவங்கள் 1982 முதல் பதிவாகியிருக்கின்றன. 1993இல் அதற்கு வைக்கப்பட்ட பெயரே லாசரஸ் நிகழ்வு. அது நிமிடக் கணக்கு விஷயம். நாலு நாளுக்கு அது பதில் ஆகாது. அதற்கு மேல் நம்புவதும் நம்பாததும் ஆய்வு தீர்த்துவைக்கும் விஷயம் இல்லை.

ஆனால் இந்தக் கதைகளை வைத்து இன்று செய்யப்படுவதைப் பற்றிப் பேசலாம். 2019 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு போதகர் சவப்பெட்டியிலிருந்து ஒருவரை எழுப்புவது போன்ற வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. மீம்ஸ் குவிந்தது. தங்களை ஏமாற்றிப் பயன்படுத்திக்கொண்டதாக இறுதிச்சடங்கு நிறுவனங்கள் புகார் கூறின. கொண்டுவரும்போதே அவர் உயிரோடுதான் இருந்தார் என்று அந்தச் சபையே பின்னர் சொல்ல வேண்டி வந்தது.

அது மோசடிக் குற்றச்சாட்டு, எளிதில் சிரித்துவிட்டுப் போகலாம். அதே ஆண்டு டிசம்பரில் கலிஃபோர்னியாவில் நடந்ததைப் பார்த்துச் சிரிக்க முடியாது. ஒரு சின்னக் குழந்தை திடீரென இறந்துபோக, பெற்றோரும் அவர்கள் சபையும் குழந்தை எழ வேண்டும் என்று நாள்கணக்கில் பாடி ஜெபித்தார்கள். சமூக வலைதளங்களில் உலகம் முழுவதிலிருந்தும் பலர் சேர்ந்துகொண்டார்கள். சில நாள்களுக்குப் பிறகு நினைவு ஆராதனை அறிவிக்கப்பட்டது. அங்கே ஏமாற்று எதுவும் இல்லை. சூனேம் பெண்ணின் அதே பிடிவாதம்தான் இருந்தது, முடிவு மட்டும் வேறு.

இப்படி நம்புபவர்கள் காட்டும் ஆதாரம், மத்தேயு 10ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களுக்குத் தரும் கட்டளை. அதில் நோயாளிகளைக் குணமாக்குவதோடு மரித்தோரை எழுப்புவதும் இருக்கிறது. அது உண்மை. ஆனால் அதே பைபிளில் யோவான் ஸ்நானகனின் தலை வெட்டப்பட்டபோது சீடர்கள் உடலை எடுத்துப் போய் அடக்கம் செய்துவிட்டு இயேசுவிடம் சொல்கிறார்கள், யாரும் எழுப்பவில்லை. ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டபோது பக்தியுள்ளவர்கள் அடக்கம் செய்து பெரிதாகப் புலம்பினார்கள். தபீத்தாள் எழுந்த அதே புத்தகத்தில், மூன்று அதிகாரம் தள்ளி, இயேசுவின் நெருங்கிய சீடர் யாக்கோபு வாளால் கொல்லப்படுகிறார். திரும்பி வரவில்லை. தாவீது அரசன் குழந்தைக்காக ஏழு நாள் பட்டினி கிடந்து வேண்டியும் குழந்தை இறந்தது. எழுந்து குளித்துச் சாப்பிட்டான். இவர்களுக்கு நம்பிக்கை குறைவு என்று பைபிள் எங்கேயும் சொல்லவில்லை. இன்று சாவு வீட்டில் போய் 'விசுவாசம் போதவில்லை' என்று சொல்கிறவர் எந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வருகிறார் என்று தெரியவில்லை.

அப்புறம் என்ன ஆனது?

லாசரு திரும்பி வந்தது எல்லோருக்கும் நல்ல செய்தியாக இல்லை. யோவான் சொல்வதன்படி, இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் எருசலேம் ஆலோசனைச் சங்கம் இயேசுவைக் கொல்ல முடிவெடுக்கிறது. லாசருவையும் கொல்ல வேண்டும் என்று தலைமைக் குருக்கள் யோசிக்கிறார்கள். உயிரோடிருப்பதே அவர் குற்றம்.

அதற்கு மேல் பைபிளில் அவரைப் பற்றி எதுவும் இல்லை. மீதியை மரபு நிரப்பிக்கொண்டது. பெத்தானியாவுக்கு இன்று அரபியில் அல் எய்சரியா என்று பெயர். லாசருவின் பெயரிலிருந்து வந்தது. சைப்ரஸின் லார்னகா நகரில், அவர் தப்பி வந்து 30 ஆண்டு ஆயராக இருந்தார் என்று நம்புகிறார்கள். அங்கே அவர் பெயரில் பழமையான தேவாலயம் இருக்கிறது. மறுமையில் பார்த்ததை நினைத்து அந்த 30 ஆண்டும் அவர் சிரிக்கவே இல்லையாம், ஒரே ஒரு தடவை தவிர. சந்தையில் ஒருவன் மண்பானையைத் திருடுவதைப் பார்த்து, மண்ணு மண்ணைத் திருடுது என்று சிரித்தாராம். பைபிள் அவருக்குத் தராத வசனத்தை ஊர்மக்கள் தந்துவிட்டார்கள்.

சூனேம் பெண்ணுக்கு மட்டும் பைபிளிலேயே இரண்டாம் பாகம் இருக்கிறது. இரண்டாம் இராஜாக்கள் 8ஆம் அதிகாரம், அதிகம் பேர் படிக்காத பகுதி. பஞ்சம் வரப்போகிறது என்று எலிசா எச்சரிக்க, அவள் குடும்பத்தோடு பெலிஸ்தியர் நாட்டுக்குப் போகிறாள். ஏழு ஆண்டு கழித்துத் திரும்பினால் வீடும் நிலமும் அவள் கையில் இல்லை. ராஜாவிடம் முறையிடப் போகிறாள். அதே நேரம் அங்கே கேயாசி, எலிசா செய்த அற்புதங்களை ராஜாவுக்குக் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். செத்த பையனை எழுப்பிய இடத்துக்கு வரும்போது சரியாக அவள் உள்ளே நுழைகிறாள். இவள்தான் அந்தப் பெண், இவன்தான் அந்தப் பையன் என்கிறான் கேயாசி. ராஜா அவளிடம் விசாரிக்கிறார், அவளே நடந்ததைச் சொல்கிறாள். பையன் பக்கத்தில் நிற்கிறான்; இங்கேயும் அவன் எதுவும் பேசவில்லை. ராஜா ஓர் அதிகாரியைக் கூப்பிட்டு, இவளுக்குச் சேர வேண்டிய எல்லாவற்றையும் திருப்பிக் கொடு, ஊரை விட்டுப் போன நாளிலிருந்து இன்றுவரை அந்த வயலில் விளைந்த விளைச்சலையும் சேர்த்துக் கொடு என்று உத்தரவிடுகிறார்.